மூன்று நாள் அசையாமல்

"அந்தச் சாமானை இண்டைக்கே வெளியிலை எடு பிள்ளை, மணம் தாங்கேலாமக் கிடக்கு..."

"நான் கேட்டது அதில்லை அன்ரி. தொட்டனீங்களோ, இல்லையோ?"

"நான் ஏன் அதைத் தொடுறன்?"

"அப்ப ஆர் தொட்டது?"

வெள்ளவத்தையில் கடலோர றெயில் பாதைக்குக் கிட்ட, இரத்தினம்மா வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள் சிவதர்சினி. பல்கலைக்கழக வளாகத்தில் ஆராய்ச்சி மாணவி. முன்னறையில் இரத்தினம்மாவின் தையல் மெசின். சட்டைக்கு அளவு கொடுக்கப் பகல் முழுக்க ஆட்கள் வந்து போவார்கள்.

சண்டை ஒரு மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றியது. உள்ளே சிலிக்கன் தகடு, அதன்மேல் நீலக் கரைசல். இருட்டில், மூன்று நாள் அசையாமல் மெல்லக் காய்ந்தால், பளிங்கு ஊசிகள் ஒரே பக்கம் பார்த்து வளர்ந்து படலமாகும். அதில் டிரான்சிஸ்டர் செய்து வெள்ளிக்கிழமை பேராசிரியருக்குக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெளிநாட்டுப் புலமைப்பரிசில் வேறொருவருக்குப் போய்விடும். ஆய்வுகூடத்தில் ஃபான் காற்றும் ஆள் நடமாட்டமும். அதனால்தான் கரைசலை மருந்துக் குளிசைப் போத்தலில் ஊற்றி, இராணுவச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுவந்து தன் கட்டிலுக்கடியில் வைத்தாள்.

நான்கு தடவை வைத்தாயிற்று. நான்கு தடவையும் ஊசிகள் வைக்கோல் கொட்டியதுபோல் கலைந்து கிடந்தன. முதலில் றெயில் அதிர்வு என்று நினைத்தாள், பிறகு எலி என்று. இந்த நான்காம் தடவை கிண்ணத்தைச் சுற்றித் தரையில் சோக்கால் வட்டம் கீறிவிட்டுப் போனாள். வந்து பார்த்தால் வட்டம் ஓரிடம், கிண்ணம் ஒரு முழம் தள்ளிச் சுவரோரம். மூடி மட்டும் கழலாமல் இருந்தது. எலிக்கு அவ்வளவு பக்குவம் கிடையாது.

கண்ணால்கூடக் கிண்ணத்தைக் கண்டதில்லை என்று இரத்தினம்மா பிள்ளையார் மேல் சத்தியம் பண்ணினாள். சிவதர்சினி அதை நம்பினாள். நம்பியதால் இன்னும் குழம்பினாள். வீட்டில் இருப்பவர்களின் பதிவைப் பார்க்கப் பொலிஸ் செக்கிங் வந்தால், கரைசலைக் கண்டு சந்தேகப்படுவார்கள் என்ற பயமாக்கும் என்று, அது ஆராய்ச்சிக்கானது என்ற வளாகக் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். இரத்தினம்மா அதைப் பார்க்கவே இல்லை. மணம், மணம் என்றே நின்றாள்.

"அறைக்குள்ளை போகாட்டி மணம் எப்பிடித் தெரியும் அன்ரி? முன்னறை மெசினடிக்கு அது வராது."

இரத்தினம்மா நூல் கண்டைச் சுற்றினாள்.

"சரி. நாளைக்கு நான் வளாகத்துக்குப் போகேல்லை. அறையிலையே இருந்து, ஆர் வருகினம் எண்டு பாக்கிறன்."

நூல் கண்டு கைதவறி உருண்டது. இரத்தினம்மா எழும்பிப் போய் முன்கதவைச் சாத்தி, றேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, அவள் காதோரம் குனிந்தாள்.

"நாளைக்கு அறையிலை நிக்காதை பிள்ளை. அந்த மணத்துக்கு ஒருக்கா இருமினாலே தைக்க வாற சனத்துக்குக் கேட்டிடும்... பொலிசிலை பதியாத என்ரை தம்பி, நீ போனதிலையிருந்து வருமட்டும், உன்ரை கட்டிலுக்குக் கீழைதான் கிடக்கிறவன்."