சின்ன ர

அந்த மனுஷரின் கதையை இன்றோடு முடித்துவிடுவது என்று ஒற்றம்மா தீர்மானித்துவிட்டார். மேஜை இழுப்பறையைத் திறந்து, தேவையானதைத் தயங்காமல் எடுத்தார்.

எடுத்தது சிவப்புப் பேனா. முடிக்க வேண்டிய கதை இருநூற்றுப் பதினாறு பக்கம். பேர்பெற்ற சினிமா இயக்குநர் ஒருவரின் சுயசரிதை.

அந்தப் பதிப்பகத்தில் முப்பது வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவர் ஒற்றம்மா. ஓர் ஒற்று விட்டுப்போனாலும் எழுதியவரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவதால் வந்த பட்டப்பெயர் அது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் முதலாளிகூடப் புரட்டிப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பிவிடுவார்.

தொண்ணூற்று நாலாம் பக்கத்தில் இயக்குநர் எடுத்த அந்தப் படம் வந்தது. அறுபதுகளில் ஓடிய காதல் நகைச்சுவை. 'நாளை மாலை படகுத்துறைக்கு வாருங்கள். அக்கரையோடு காத்திருப்பேன்' என்று கதாநாயகி கடிதம் எழுதுகிறாள். அக்கறைக்குப் பெரிய ற போட வேண்டியவள் சின்ன ர போட்டுத் தொலைக்கிறாள்.

கதாநாயகன் ஆற்றைத் தாண்டி அக்கரையில் போய் நிற்கிறான். மழையில் குடை பறந்து, ஜலதோஷம் பிடித்து, மீதிப் படம் முழுக்கத் தும்முகிறான். இன்றைக்குப் பார்த்தால் அந்தப் பவுடர் பூச்சும் மரத்தைச் சுற்றும் ஓட்டமும் கொஞ்சம் அசட்டுத்தனம்தான். ஆனாலும் டி.வி.யில் போட்டால் யாரும் எழுந்து போவதில்லை.

ஒற்றம்மா மட்டும் டி.வி.யையே அணைத்துவிடுவார். அந்தக் கடிதம் அவர் எழுதியது.

அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. சினிமாவில் சேரத் துடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன் அப்பாவின் வாடகை நூலகத்துக்கு வருவான். அவன் எடுத்துப் போன புத்தகத்துக்குள் கடிதத்தை வைத்துக் கொடுத்தார். மறுநாள் எதிர்க்கரையே தெரியாத மழையில், படகுத்துறையில் தொப்பலாக நனைந்து நின்றார். அவன் வரவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் ரயிலேறிவிட்டான் என்று கேள்வி. அந்த மாதமே அப்பாவும் நூலகத்தை மூடிவிட்டு வேறு ஊருக்குக் குடும்பத்தைக் கிளப்பிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, சினிமாக் கொட்டகையில், திரை முழுக்க அதே கடிதம். ர-வின் வாலைச் சுழித்துவிடும் அவர் கையெழுத்திலேயே. "எழுத்தே தெரியல, இதுல காதல் வேற" என்று பின் வரிசையில் யாரோ சொல்ல, கொட்டகையே சிரித்தது.

வராதது போதாதென்று மானத்தையும் வாங்கிவிட்டானே என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் இலக்கணம் படித்தார். அந்த எரிச்சலில்தான் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

'அந்தக் காட்சி எப்படித் தோன்றியது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன்' என்று சுயசரிதையில் எழுதியிருந்தது. திருடினதை எந்தத் திருடன் சொல்லியிருக்கிறான் என்று ஒற்றம்மா பல்லைக் கடித்தார்.

முதல் பக்கத்துக்குத் திரும்பினார். 'என் மேல் அக்கறை கொண்ட ரசிகர்களுக்கு' என்று சமர்ப்பணம். ற-வை அடித்துவிட்டு ஓரத்தில் கொட்டை எழுத்தில் ர போட்டார். இனி ஊர் சிரிக்கட்டும், இந்தத் தடவை அவரைப் பார்த்து. தன்னுடைய முப்பது வருடப் பெயரும் சேர்ந்துதான் போகும். போகட்டும் என்று கையெழுத்தையும் போட்டார்.

பேனாவை மூடுவதற்குள் முதலாளி ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அச்சுக்குப் போகுமுன் தன் சமர்ப்பணப் பக்கத்தை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். நரைத்த தலை, கையில் தடி. ஒற்றம்மாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இந்த அம்மா பார்த்தால் பிழையே இருக்காது என்று முதலாளி பெருமையடித்துக்கொண்டே தாளை நீட்டினார். நீட்டியவர் கண்ணில்தான் முதலில் பட்டது.

"என்னம்மா இது, அக்கறைக்குப் போய்ச் சின்ன ர போட்டிருக்கீங்க?"

ஒற்றம்மா எழுந்து நின்றார்.

"ஏன், சினிமாவுல போட்டா சிரிப்பு, புத்தகத்துல போட்டா தப்பா? சாரையே கேளுங்க. அடுத்தவ எழுதின கடுதாசியை ஊருக்கே காட்டிக் கைதட்டு வாங்கினவர்தானே."

முதலாளி குறுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். பெரியவருக்குக் கோபம் வரவில்லை. தாளைக் கண்ணுக்கருகே கொண்டுபோய், வால் சுழித்த அந்தச் சிவப்பு ர-வையே பார்த்தார். பிறகு ஒற்றம்மாவைப் பார்த்தார். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரிலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"படத்துல அவன் தும்மினது நடிப்பு. எனக்கு நிஜமாவே ஒரு வாரம் நிக்கல" என்றார்.

"அன்னிக்கு நான் அக்கரையிலதாங்க நின்னேன்."