டெஸ்க்குக்குள் ஒரு சீட்டு

வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயரே சூறாவளி. பென்சில் சீவிய தூள், மூடியில்லாத பேனா, பிசுபிசுக்கும் மிட்டாய்க் காகிதம் எல்லாம் அவள் டெஸ்க்கில்தான் குடியிருக்கும். இன்று அது கண்ணாடியாய்ப் பளபளத்தது.

"இன்னைக்கு மழை கொட்டப்போகுது! நீயா துடைச்சே?" டீச்சர் வாயைப் பிளந்தார்.

டீச்சர் குனிந்து உள்ளே பார்த்தார்.

டெஸ்க்குக்குள் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'இங்கே குபை போடாதே.' எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன.

"சுத்தம் வந்துச்சு, எழுத்து போயிடுச்சா? அஞ்சாம் வகுப்பு வந்தும் குப்பைக்கு 'ப்' போடத் தெரியலையே!" டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"ஐயோ, திருத்தாதீங்க டீச்சர்! அது எங்கம்மா எழுதினது."

"அம்மா வந்து உன் டெஸ்க்கைத் துடைக்கிறாங்களா? நல்லாயிருக்கு செல்லம்!"

"என் டெஸ்க் இல்லையாம், அவங்க டெஸ்க்காம். சாயங்காலம் இங்க நடக்கிற பெரியவங்க வகுப்புல இதே இடத்துலதான் உட்கார்றாங்க. சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகுது. வாழ்க்கையில அவங்க எழுதின முதல் வரியே என்னைத் திட்டித்தான் டீச்சர்!"

டீச்சர் பேனாவை மூடினார். விரலில் படிந்திருந்த சாக்பீஸ் தூளை நன்றாகத் துடைத்த பிறகே அந்தச் சீட்டைத் தொட்டார்.