வர்க்கிச்சனின் கேள்விகள்

"ஏடீ, மின்னல் முதல்ல உண்டாகுதா, இடி முதல்ல உண்டாகுதா?"

கஞ்சிக்குப் பக்கத்தில் மத்திக் குழம்பை வைத்தபடியே மோளிக்குட்டி பதில் சொன்னாள்.

"மின்னல்தான். அப்புறம்தான் இடி."

வர்க்கிச்சன் வாய்விட்டுச் சிரித்தான். "நல்ல படிப்பு. பத்தாவதாம், பத்தாவது."

கணவனின் சிரிப்பில் அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். இரண்டும் ஒரே நேரத்தில்தான் உண்டாகின்றனவாம். ஒளி சட்டென்று வந்துவிடுகிறது, ஒலி பின்தங்கி வருகிறது.

மோளிக்குட்டிக்கு வயது நாற்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். பதினோரு வருடமாக அங்கன்வாடியில் உதவியாள். பத்தாவது தேறினால் அங்கேயே டீச்சர். மற்ற பாடமெல்லாம் தேறியாயிற்று. இயற்பியல் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. இந்த முறையும் போனால் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும்.

காயலில் ஆளேற்றும் தோணிக்காரன் வர்க்கிச்சன். படித்தது நாலாம் வகுப்பு. கேலிக்கு மட்டும் குறைவில்லை. அவளும் தோணியில் ஏறிவிட்டால், நிறைய ஊர்க்காரர்கள் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"கழி தண்ணிக்குள்ள போனா ஒடிஞ்ச மாதிரி தெரியுதே, ஏன்? டீச்சரம்மா சொல்லட்டும்."

"ஒளி தண்ணியிலேர்ந்து காத்துக்கு வரும்போது திசை மாறுது அச்சாயா. அதான்" என்பாள் கணவனிடம்.

அவள் சரியாகச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கழியை ஊன்றுவான். ஒரு 'சரி' கூட வாயிலிருந்து வராது. தப்பாகச் சொன்னால் போதும், காயலே அதிரச் சிரிப்பான்.

"இரும்பு ஆணி முழுகுது. இரும்புக் கப்பல் மட்டும் எப்படி மிதக்குதாம்?"

"கப்பல் அதோட எடை அளவுக்குத் தண்ணிய ஒதுக்குது."

"தோணி கரையில முட்டினா எல்லாரும் முன்னால சாயறாங்களே, அதுக்கு உங்க புத்தகத்துல என்ன பேரு?"

"நிலைமம்." பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பக்கத்து வீட்டு அம்மிணிக்கே பொறுக்கவில்லை. "எப்படிடீ இந்த மனுஷனோட குடும்பம் நடத்தற? நானா இருந்தா கஞ்சியத் தலையில கவுத்திருப்பேன்."

"பாஸ் பண்ணி, அந்தப் பேப்பரை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டணும் சேச்சி. அதுக்காகவே ராப்பகலாப் படிக்கிறேன்."

பரீட்சைத் தாளைப் பிரித்தாள். 'கரையில் மோதும் படகில் நிற்பவர் முன்னோக்கிச் சாய்வது ஏன்?' அந்த இளக்காரக் குரல் காதுக்குள்ளேயே கேட்டது. ஆத்திரத்தோடு எழுத ஆரம்பித்தவள் மணி அடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

முடிவு வந்தது. பாஸ். இயற்பியலில் ஏ கிரேடு.

மதிப்பெண் பட்டியலை மடியில் செருகிக்கொண்டாள். தோணித்துறையில் எல்லார் முன்னாலும் நீட்டவேண்டும். அதற்கு முன்னால், பாடம் நடத்திய ஹசீனா டீச்சர் வீட்டுக்கு ஒரு பெட்டி லட்டு.

டீச்சர் பட்டியலைப் பார்த்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். லட்டில் பாதியை எடுத்துக்கொண்டு, மீதியைப் பெட்டியோடு அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இது வர்க்கிச்சேட்டனுக்கு. அவரும்தான் படிச்சிருக்கார்."

"அவரா? நல்லாச் சொன்னீங்க டீச்சர். வாயத் திறந்தா கேலி."

"சனிக்கிழமை தவறாம தோணியக் கட்டிப் போட்டுட்டு இங்க வந்து உக்காந்துடுவார். 'இந்த வாரம் என்ன பாடம்? கேள்வியும் சொல்லுங்க, பதிலும் சொல்லுங்க. அவ தப்பாச் சொன்னா எனக்குத் தெரியணும்ல'ம்பார். சரளமா எழுதிக்க வராது. மனப்பாடம் ஆகறவரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார்."

மோளிக்குட்டி லட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே கேட்டாள். "அப்ப எங்கிட்ட அன்பாக் கேட்டிருக்கலாமே டீச்சர்?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'அன்பாக் கேட்டா, தெரியலைன்னு அழுதுட்டு விட்டுடுவா டீச்சர். கோபம் வந்தா விடமாட்டா. அவ என்னைத் திட்டினாப் பரவாயில்ல, பாஸாகட்டும்'னார்."