இடது பக்க லைட்

எரிகிற அடுப்பின் மேல் சத்தியம். இதில் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

என் கத்தி முனைக்குக் கீழே அர்த்தநாரியின் இதயம் இருந்தது.

அர்த்தநாரியோ எதிரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

எண்பத்திரண்டாம் வருசம். பரமத்தி வேலூரில் என் பேக்கரி. அர்த்தநாரி லாரிக்காரர். பேரனுடைய முதல் பிறந்தநாள் கேக்கில் லாரியின் முகம் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்கு லாரி வடிவத்தில் துளை வெட்டிய தகடு ஒன்று வேண்டும். கேக்கின் மேல் அதை வைத்துப் பொடித்த சர்க்கரையைச் சலித்துவிட்டு, மெதுவாகத் தூக்கினால் லாரி வெள்ளை வெளேரென்று நிற்கும்.

அப்படி வெட்டுவதற்கு எக்ஸ்ரே படம்போல் வாகானது வேறில்லை. போன மாசம் இருமலுக்கு எடுத்த தன் நெஞ்சுப் படத்தையே முந்தின நாள் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

“ரெண்டு லைட்டும் பளிச்சுனு தெரியோணுமப்பா. ஒத்தக் கண்ணு லாரி ஊட்டுக்கு ஆகாது.”

முதலில் மேலே, முன்கண்ணாடி. காறை எலும்பின் குறுக்கே கத்தி போயிற்று.

அவர் தோளைத் தடவிக்கொண்டார்.

ஈயாக இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்தது கீழே, பம்பர். விலா எலும்புகளின் மேல் கத்தி இழுபட்டது.

அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

கத்தியை எடுத்தேன். நிமிர்ந்தார். வைத்தேன். குனிந்தார்.

முட்டை அடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி கந்தம்மாளின் கை நின்றது. என் காதருகே குனிந்தாள்.

“ஏனுங்க, நீங்க படத்த வெட்டறீங்களா, அவர வெட்டறீங்களா?”

அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற எனக்குக் குளிரெடுத்தது.

வலது பக்க லைட்டை வெட்டும்போது இருமினார். டம்ளர் தளும்பி வேட்டியெல்லாம் டீ.

மிச்சம் இடது பக்க லைட். அது சரியாக இதயத்தின் மேல் விழுந்தது.

கண்ணாடியும் பம்பரும் கோடுகள். இதுவும் வலது லைட்போல வட்டம். சுற்றி வந்து கத்தி சேர்ந்தால் அந்தத் துண்டு தனியே கழன்று கீழே விழுந்துவிடும்.

முனையை வைத்தேன். அழுத்தக்கூட இல்லை.

அவர் முகம் மைதா மாவாக வெளுத்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“என்னுமோ அடைக்குது சாமி…”

என் உள்ளங்கை வேர்வையில் கத்தி வழுக்கியது. வழுக்கிய கத்தி வட்டத்தில் ஒரு நெல் நீளம் ஓடியது. பெஞ்சில் டம்ளர் உருண்டது.

கத்தியை எடுத்து மாவு மூட்டைக்குள் சொருகினேன். மூட்டையின் வாயையும் இறுக்கிக் கட்டினேன்.

பெரிய மூச்சாக ஒன்று விட்டு, அவர் இன்னொரு டீ கேட்டார்.

சாயங்காலம் கேக் தயார். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு அர்த்தநாரி வந்தார். வெகுநேரம் குனிந்து பார்த்தார். அவர் நெற்றி நரம்பு புடைத்தது.

“ஏப்பா, இன்னொரு லைட்டு எங்க?”

“உங்க நெஞ்சுக்குள்ளதானுங்க இருக்குது. பத்திரமா.”

நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. கேக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, என்னைக் கும்பிடாத குறையாகப் போனார்.

கந்தம்மாள் முந்தானையால் சிரிப்பைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தின்கிற பண்டத்தின் மேல் வைப்பது என்பதால், எந்த எக்ஸ்ரே படத்தையும் முந்தின நாளே சோடா போட்ட சுடுதண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிடுவது எங்கள் கடை வழக்கம். கழுவினால் கறுப்போடு எலும்பும் இதயமும் போய், மறுநாள் கத்தி வைக்கும்போது அது வெறும் கண்ணாடித்தாள்.