உசுரில்லாத வண்டி

"இன்னா எழிலா, உசுரு இருக்கிற மாதிரியே தெரியலியே!"

சகுந்தலா குனிந்து காதை அழுத்தி வைத்துக் கேட்டாள். உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் ஓரடி நெருங்கி வந்தார்கள்.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு ஆன்ட்டி!" என்றான் விநாயக். அந்த ராபர்ட்சன்பேட்டை கார் ஷோரூமின் சேல்ஸ்மேன். "இது ஹைப்ரிட். மெதுவா போறப்ப பேட்டரில ஓடும், சத்தமே வராது. அதான் இதோட விசேஷமே."

"சத்தம் வராததுக்கா இம்மாந் துட்டு?" பானெட்டிலிருந்து காதை எடுத்தாள் சகுந்தலா.

அவள் மகன் எழிலனுக்கு அந்த வண்டி மேல்தான் கண். தினமும் தங்க வயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். கூட வேலை பார்க்கும் உள்ளூர் நண்பன் டென்னிஸ் ஹைப்ரிட் வாங்கியதிலிருந்து, பெட்ரோல் பங்க் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே மறந்துபோனவன் போலப் பேசிக்கொண்டிருக்கிறான். கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் எழிலன் கனவில்கூடச் சத்தமில்லாமல்தான் கார் ஓட்டினான்.

விநாயக் பக்கத்திலிருந்த சின்னக் காரை ஸ்டார்ட் செய்தான். விலை ஹைப்ரிட்டில் பாதிகூட வராது. அது உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு தடதடவென்று உறுமியது.

சகுந்தலாவின் முகம் மலர்ந்தது. "இது வண்டி! வாயத் தொறந்து பேசுது பாரு!"

"ஆமாங்க, இதையே எடுத்துடலாம்" என்றாள் எழிலனின் மனைவி மாயா.

எழிலன் திடுக்கிட்டான். ரசத்தில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதில்கூட ஒத்துப்போகாத மாமியாரும் மருமகளும் ஒரே கட்சியா?

"ம்மா, வாங்கறப்ப இது சீப்பு. தெனம் பெங்களூர் போய் வந்தா பெட்ரோல்லயே முழுகிடுவேன். ஹைப்ரிட்னா மைலேஜ் அள்ளும். போட்ட துட்டு மெதுவா திரும்பிடும்மா."

"துட்டாடா பெருசு?" சகுந்தலாவின் குரல் தழுதழுத்தது. "உங்கப்பா கேஜுல ஏறி மைன்ஸுக்குள்ள எறங்கிட்டா, எனக்கு ஒரு வாய் சோறு எறங்காது. ஷிப்ட் முடிஞ்சு சங்கு ஊதினாத்தான் போன உசுரு வரும். இப்ப நீ ஹைவேல லாரிங்களுக்கு நடுவுல வர்றே. தெருமுனையில உன் வண்டி சத்தம் கேட்டாத்தான் எனக்கு நிம்மதி. பூனையாட்டம் வந்து நின்னா இன்னா பண்றது நானு?"

"எனக்கும் அதேதாங்க." மாயா துப்பட்டாவால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

விநாயக்கே மூக்கை உறிஞ்சினான்.

எழிலன் உருகிப்போனான். அம்மா சொல்வது உண்மைதானே! அவனுடைய பழைய டீசல் வண்டிக்கு சைலன்சரில் ஓட்டை. அவன் வீடிருக்கும் மைசூர் மைன்ஸ் பேட்டைப் பக்கம் திரும்பும்போதே தெருவுக்கெல்லாம் சேதி போய்விடும். வீட்டுக்குள் நுழைந்தால் ஃபேன் முழு வேகத்தில் சுழலும், புத்தர் படத்தின் முன் கொத்துக் கொத்தாக ஊதுவத்தி புகையும். பிள்ளை பத்திரமாக வந்தானே என்று தினமும் ஒரு பூஜை!

அது மட்டுமா? அவனுக்கு சுகர் என்று டாக்டர் சொன்ன அன்றே, "நீ துன்னாதது எங்களுக்கும் வேணாம்" என்று வீட்டையே ராகிக் களிக்கும் கீரைக்கும் மாற்றிவிட்டார்கள். அதிலும் ராத்திரி அவனோடு உட்காரும்போது, இருவரும் கோலிக்குண்டு அளவு களியை விழுங்கிவிட்டு "போதும்" என்று எழுந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட ஜீவன்களுக்காக ஒரு ஹைப்ரிட்டை விட்டுக்கொடுத்தால் குறைந்தா போய்விடுவான்?

சின்னக் காருக்கே அட்வான்ஸ் கட்டினான். பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சுக்கு அங்கேயே நிறுத்திவிட்டு, மூவரும் ஆட்டோவில் வீடு திரும்பினார்கள்.

மறுநாள் காலை ரயிலில் வேலைக்குப் போனான். சாயங்காலம் டென்னிஸ் விடவில்லை. "ரயில்ல போய் இன்னா இடிபடப் போற? ஏறுடா மச்சான்!" என்று தன் காரில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

ரயில் வந்து சேரும் நேரத்துக்கு வெகு முன்பே ஹைப்ரிட் தெருவுக்குள் வழுக்கிக்கொண்டு வந்தது. வேலியோரம் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. 'அடடா, என்ன வண்டிடா இது!' என்று ஒரு பெருமூச்சோடு இறங்கி, டென்னிஸுக்குக் கையசைத்துவிட்டு வாசலுக்கு நடந்தான் எழிலன்.

ஊதுவத்தி வாசனை வரவில்லை. ஃபேன் ஓடும் சத்தம் இல்லை. ஜன்னல் கட்டையில் பிரிக்காத ஊதுவத்திக் கட்டும், அதன் மேல் தீப்பெட்டியும் தயாராக இருந்தன.

உள்ளே மாமியாரும் மருமகளும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சண்டைக்காரர்களுக்கு இதென்ன சிரிப்பு? ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவன், அப்படியே சிலையாக நின்றுவிட்டான்.

பிறகு ஓசைப்படாமல் பின்வாங்கி, தெருவுக்கு வந்து போனை எடுத்தான்.

"விநாயக், அந்தச் சின்னக் கார் வேணாம். ஹைப்ரிட்டையே புக் பண்ணிடுங்க!"

"இன்னா சார் ஆச்சு? வண்டி சத்தம் கேட்டாத்தான் நிம்மதின்னு வீட்ல அழுதாங்களே?"

எழிலன் ஜன்னலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். நாக்கில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு, போனில் கிசுகிசுத்தான்.

"சத்தம் கேட்டா பிரியாணி குண்டானை ஒளிச்சி வெச்சிடறாங்கப்பா!"