மாமாவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி

“முதல்ல மாமாவோட மீசையை எடுத்துடலாம்மா” என்றார் வக்கீல்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் தலையாட்டினாள். எட்டு வயதில் தாய்மாமன் தனக்குச் செய்ததை முப்பது வருஷம் கழித்துப் புத்தகமாக எழுதியிருந்தாள். அச்சுக்குப் போகுமுன் வக்கீல் ஒரு முறை படித்துவிடட்டும் என்று பதிப்பாளர் அனுப்பிவைத்திருந்தார்.

“மீசைக்குப் பதிலா மூக்குக்கண்ணாடி போட்டுடுவோம்.”

“பவர் எவ்வளவு சார்?”

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். வேலைப் பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

“நல்லா தடியா இருக்கட்டும். அப்புறம், மாமாவுக்கு பேங்க்ல வேலைன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு பதிலா ஒரு டிரைவிங் ஸ்கூல் வெச்சுக் குடுத்துடலாம்.”

“அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது சார்.”

“ரொம்ப நல்லதாப் போச்சு.”

எதையும் விளக்காமல் விட வக்கீலுக்கு மனசு வராது. பேப்பர் வெயிட்டை எடுத்து மேசை நடுவில் வைத்தார். “இது உங்க புத்தகம்.” ஸ்டேப்ளரை அதற்கு எதிரில் வைத்தார். “இது மாமா. இவர் மானநஷ்ட வழக்கு போடணும்னா முதல்ல என்ன பண்ணணும்? ‘புத்தகத்துல இருக்கறது நான்தான்’னு காட்டணும். மீசை இல்ல, பேங்க் இல்ல. எப்படிக் காட்டுவார்?” ஸ்டேப்ளரை டிராயருக்குள் போட்டு மூடினார். “ஆள் அவுட்.”

அவள் மூடிய டிராயரையே பார்த்தாள்.

“யாருக்குமே அடையாளம் தெரியலைன்னா நான் எதுக்கு சார் எழுதணும்? இன்னைக்கும் சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் முதல் ஆளா வந்து நிக்கிறார். ஒருத்தராவது படிச்சுட்டு, அவரைப் பார்த்ததும் தன் குழந்தையைக் கிட்ட இழுத்துக்க மாட்டாங்களான்னுதான் எழுதினேன்.”

“வாஸ்தவம்தாம்மா. ஆனா புத்தகமே வராமப் போறதுக்கு இது பரவாயில்லையா?”

அவள் கைப்பிரதியை அவர் பக்கம் நகர்த்தினாள். வக்கீல் பக்கத்தைப் புரட்டினார்.

“சாக்லேட் வாங்கிக் குடுத்துதான் கூட்டிட்டுப் போவார்னு இருக்கே. அந்த சாக்லேட் விஷயம் வீட்ல எல்லாருக்கும் தெரியுமா?”

“தெரியும். ‘மாமாவுக்குக் குழந்தைங்கன்னா உசிரு’ன்னு அம்மா பெருமையா சொல்லிப்பாங்க.”

“அப்போ அதையும் மாத்தணும்.” வக்கீல் விட்டத்தைப் பார்த்து யோசித்தார். “கலர் பென்சில் பெட்டி. எப்படி?”

“உங்க இஷ்டம் சார். தாழ்ப்பாளை மட்டும் தொடாதீங்க. எனக்கு எட்டாத உயரத்துல இருந்தது அது.”

“இருக்கட்டும். தாழ்ப்பாள் எந்த வீட்லயும் அந்த உயரத்துலதான் இருக்கும்.”

புத்தகம் வெளிவந்த மறுமாதம் வக்கீல் அவளுக்குப் போன் செய்தார். குரல் தணிந்திருந்தது.

“பதிப்பாளர்கிட்ட விலாசம் வாங்கிட்டு உங்க மாமா என் ஆபீசுக்கே வந்துட்டாரும்மா. ‘அதுல இருக்கறது நான்தான்’னு தையத்தக்கான்னு குதிக்கிறார். எப்படிக் கண்டுபிடிச்சார்னு எனக்குப் புரியவே இல்ல. நீங்க வரணும்னு கட்டாயம் இல்ல, நான் பேசி அனுப்பிடறேன்.”

“இல்ல சார். வர்றேன்.”

எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரின் முகத்திலிருந்து சோதனைக் கண்ணாடியைக் கழற்றினாள். இத்தனை வருஷத்தில் மாமாவிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் வரும்போது முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

வக்கீலின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மேசையில் குத்து விழுந்தது. பேப்பர் வெயிட் எகிறியது.

“தடிக் கண்ணாடின்னு எழுதியிருக்கு. டிரைவிங் ஸ்கூல்னு எழுதியிருக்கு. படிக்கிறவன் என்னைத்தானே நினைப்பான்? சரி, அதையெல்லாம் விடுங்க. கலர் பென்சில் பெட்டி! அது எங்க வீட்டுக்குள்ள இருக்கற விஷயம், ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது. அதைப் போய் எழுதியிருக்காளே, யாருங்க சொன்னது அவளுக்கு?”

வக்கீலின் வாய் திறந்து அப்படியே நின்றது.

அவள் உள்ளே போனாள். மேசையைக் குத்திய ஆள் தடிக் கண்ணாடி போட்டிருந்தார். மைனஸ் பவர் கண்ணாடி, போட்டிருக்கிறவரின் கண்ணைச் சின்னதாக்கிக் காட்டும். அந்தச் சின்னக் கண்களை நிதானமாகப் பார்த்தாள்.

“சார், இவர் யாரு? இவரை நான் பார்த்ததே இல்லையே” என்று வக்கீலிடம் சொன்னவள், நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த ஆளுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“இப்ப சொல்லுங்க. பென்சில் பெட்டியை எந்தக் குழந்தைக்குக் குடுத்தீங்க?”