வடை மடித்த காகிதம்

"வேற யாருமில்லீங்க. குல்சும்க்காதான் எடுத்திருக்காங்க!"

லோகப்பிரியா போட்ட சத்தத்தில் பீளமேட்டுக் கம்பெனியே திரும்பிப் பார்த்தது. காணாமல் போனது ஒற்றைக் காகிதம்தான். ஆனால் ஒரு வாரத்து வேலை அது.

1999-ம் வருஷம். யூ.எஸ்.பி. என்றால் புதுக் கட்சியா என்று பல்லடம் பஸ்ஸில் கேட்டவர்கள் உண்டு. நூலின் பலத்தைச் சோதிக்கும் மெஷினுக்காக ஒரு பெட்டி செய்திருந்தார்கள். அதில் இரண்டு யூ.எஸ்.பி. துளைகள். ஒன்று மின்சாரம் கொடுக்கும், ஒன்று வாங்கும்.

எது எந்தப் பக்கம் என்று காகிதத்தில் குறித்து, அதைக் கர்னலுக்கு எழுதிக் கொடுப்பது லோகப்பிரியாவின் வேலை. பட்டாளத்துக் கர்னல் இல்லை. பெட்டியை உள்ளிருந்து ஆள்கிற புரோகிராம். அதிகாரம் என்னவோ அதே அளவுதான். ஆனால் கண் கிடையாது. எழுதியதை அப்படியே நம்பிவிடும்.

முதலாளி நரசிம்மலு வந்தார். "ஏனுங்க குல்சும், எடுத்தீங்களா?"

பெட்டிக்கு ஒயர் பற்றவைத்த உம்மல் குல்சும் தலை குனிந்தாள். கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது.

"வடை மடிக்க எடுத்துப்போட்டேனுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். லோகப்பிரியாவுக்கு ஆத்திரம்.

"மாசாணியம்மனுக்கு மொளகா அரைக்கறேன். எடுத்த கை எரியட்டும்!"

"அது காலைலயே எரிஞ்சு போச்சு கண்ணு" என்று விரலைக் காட்டினாள் குல்சும்.

"நீங்க பேக்கிங்குக்குப் போயிருங்க. இனி இந்த மேஜையைத் தொட வேண்டாமுங்க" என்றார் நரசிம்மலு. அந்தக் கம்பெனியில் தண்டனைக்கும் 'ங்க' உண்டு. பிறகு எல்லோரையும் பார்த்து, "பதினோரு மணிக்கு மில்காரங்க வாராங்க. புகை வந்துச்சுன்னா, யார் தப்போ அவங்க அப்படியே ஊட்டுக்குப் போயிரலாமுங்க."

பத்தே முக்கால். பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த லோகப்பிரியாவின் கை நின்றது.

நேற்று குல்சும் கேட்டது நினைவுக்கு வந்தது. "அம்மணி, நீ உள்ளபக்கமிருந்து பாத்து எழுதுனயா, வெளியிலிருந்தா?"

"நீங்க சால்டரிங்கைப் பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லியிருந்தாள்.

மூடியைக் கழற்றி, உள்பக்கமிருந்து பார்த்துத்தான் எழுதியிருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் இடது வலதாகிவிடும்!

கொடுக்கிற துளை வாங்கும், வாங்குகிற துளை கொடுக்கும். பெட்டியும் போகும், மில்காரர்களின் மெஷினும் போகும்.

திருத்தலாம் என்றால் அந்தக் கம்ப்யூட்டரில் கர்னலைத் திரும்பத் தயாரிக்க நாலு மணி நேரம். அதற்குள் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கே போய் மிளகாய் அரைத்துவிட்டு வந்துவிடலாம்.

சொல்லிவிடலாமா? சூலூரில் அப்பாவின் தறிகள் நின்று ஆறு மாதம். வீட்டுக்கு வருவது இவள் சம்பளம் மட்டும்.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம்.

மில்காரர்கள் சுற்றி நின்றார்கள். நரசிம்மலு கேபிளை எடுத்தார். "ஒயர் வேலையெல்லாம் யாருதுங்க அம்மணி?"

லோகப்பிரியா கேபிளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"முழுக்க குல்சும்க்காதானுங்க. நான் எழுத மட்டுந்தான் செஞ்சேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கேபிள் சொருகும் சத்தம். ஒன்று. இரண்டாவது. சுவிட்ச்.

கருகல் வாசனைக்காகக் காத்திருந்தாள்.

கைதட்டல் கேட்டது.

பச்சை விளக்கு எரிந்தது. மெஷின் நூலை இழுத்துப் பார்த்து, திரையில் எண்களை வரிசையாகக் கொட்டியது.

"சபாஷ் அம்மணி! எழுதுனா இப்படி எழுதோணும்" என்றார் நரசிம்மலு. எல்லோரும் காப்பிக்கு நகர்ந்தார்கள்.

லோகப்பிரியா நகரவில்லை. பெட்டியின் கேபிள்களைப் பிடுங்கினாள். நாலு திருகாணியையும் கழற்றி மூடியைத் தூக்கினாள்.

இரண்டு துளைகளின் ஒயர்களும் இடம் மாறி, ஒன்றையொன்று குறுக்காகத் தாண்டிப் போயின. பற்றவைப்பு புதிதாகப் பளபளத்தது. ஒன்றோடொன்று உரசிவிடாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவே நாலாக மடித்த காகிதம் ஒன்று.

உருவி எடுத்து விரித்தாள். அவள் கையெழுத்துதான். தப்பாக எழுதிய இரண்டு இடத்திலும் பென்சில் வட்டம்.

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.